உயிரைக் காத்த ஊசி, காதைப் பறித்த கதை

பீச் - செங்கல்பட்டு மின்சார ரயிலில் போகிறவர்கள் எல்லோருக்கும் "தாம்பரம் சானடோரியம்" என்ற ஸ்டேஷனைத் தெரியும். எங்கள் கருங்குழியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் செங்கல்பட்டில் ரயில் ஏறினால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். (வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி வடலூர் பக்கம் இருப்பது. இது மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழி.) சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் ஊர்ப் பெயர் என்பார்கள். அது காசநோயாளிகளை ஊரிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் இங்கே ஆரம்பித்தார். 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

காசநோய்க்கும் இந்தக் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம்? நான் எழுத வந்தது காதைப் பற்றி. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் காது கேளாமையையும் தலைசுற்றலையும் பற்றி மருத்துவம் கற்றுக்கொண்டதில் ஒரு பெரிய பகுதி, காசநோய் வார்டில் படுத்திருந்தவர்களின் காதுகளை வைத்துக் கற்றுக்கொண்டதுதான். அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

முதலில் கொஞ்சம் காது

காதுக்கு இரண்டு வேலை. ஒன்று கேட்பது. இன்னொன்று உடம்பைச் சாயாமல் நிறுத்துவது. இரண்டுமே உள்காதில்தான் நடக்கின்றன. நத்தைக் கூடு போல் சுருண்ட பகுதியான காக்ளியா கேட்பதற்கு. மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளும் சமநிலைக்கு. இரண்டிலும் இருப்பது "மயிர் செல்கள்". தலையில் முடி போல் நுனியில் மெல்லிய இழைகள் உள்ள செல்கள் இவை. ஒலி வந்தாலும், தலை திரும்பினாலும், உள்ளே இருக்கும் திரவம் அசைந்து இந்த இழைகளை வளைக்கிறது. அது மின் குறிப்பாக மாறி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது.

ஒரு காதின் காக்ளியாவில் சுமார் 15,000 மயிர் செல்கள்தான் இருக்கின்றன. அதைவிட முக்கியம், மனிதனுக்கு அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கும் மற்ற பறவைகளுக்கும் திரும்ப முளைக்கின்றன என்று 1980களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தலைசுற்றலுக்கு உள்காது காரணமாக இருக்கலாம் என்பதை 1861இல் பாரிஸில் பிராஸ்பர் மெனியே என்ற மருத்துவர் சொன்னார். அதுவரை அதை மூளை சம்பந்தப்பட்ட நோய் என்றுதான் நினைத்தார்கள். பிறகு வியன்னாவில் ராபர்ட் பாராணி, காதில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டு, கண் எப்படி ஆடுகிறது என்று பார்த்து, சமநிலை உறுப்பு வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்கினார். அதற்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனை இன்றும் நடக்கிறது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

1943 அக்டோபரில் அமெரிக்காவின் ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொல்ல மனிதனிடம் கிடைத்த முதல் நல்ல ஆயுதம் அது. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. மாணவருக்கு இல்லை! (மாணவர்களாகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்.)

மாயோ கிளினிக்கில் ஹின்ஷா, ஃபெல்ட்மன் இருவரும் நோயாளிகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். நோய் குறைந்தது. கூடவே சிலருக்குத் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வந்தன. இதை அவர்கள் 1945லேயே எழுதிவிட்டார்கள்.

அடுத்து பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பரிசோதனை. 107 நோயாளிகள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள், போடாதவர்களில் 14 பேர். 1948இல் வெளியான இந்த முடிவு மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல். அதே அறிக்கையில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைசுற்றல் வந்தது என்றும் இருக்கிறது. யாரும் அதை மறைக்கவில்லை. சாவுக்கு முன்னால் தலைசுற்றல் சிறிய விஷயமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

சிறிய விஷயமா? க்ராஃபோர்ட் என்ற மருத்துவர் இந்த மருந்தால் தன் சமநிலை உணர்வை முழுக்க இழந்தார். அந்த அனுபவத்தை 1952இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். தலை கொஞ்சம் அசைந்தாலும் எதிரே உள்ள எல்லாம் ஆடும். படுக்கையில் புத்தகம் படிக்க முடியாது, ஏனென்றால் நாடித் துடிப்பில் தலை அசைவதற்கே எழுத்துகள் குதிக்கும். அதனால் கட்டில் தலைமாட்டுக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துக்கொண்டு படித்தாராம். நாம் நடந்துகொண்டே கடையின் போர்டைப் படிக்கிறோமே, அதற்கே உள்காது வேண்டும் என்பது அவர் எழுதியதைப் படித்தால்தான் புரியும்.

மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் சமநிலையை அவ்வளவாகக் கெடுக்கவில்லை. ஆனால் காதைச் செவிடாக்கியது, அதுவும் சில நேரம் ஊசியை நிறுத்தி வெகுநாள் கழித்து! அதைக் கைவிட்டார்கள். 1957இல் ஜப்பானில் உமேசாவா கண்டுபிடித்த கனமைசின் வந்தது. அதுவும் காக்ளியாவைத்தான் தாக்கியது.

விஷமே மருந்தான கதை

இங்கே ஒரு வேடிக்கை. மெனியே நோய் உள்ளவர்களுக்குத் திடீர் திடீரென்று கடும் தலைசுற்றல் வரும். காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வரும். ஸ்ட்ரெப்டோமைசின் சமநிலை உறுப்பைக் கொல்கிறது என்றால், தவறான குறிப்புகளை அனுப்பும் அந்த உறுப்பை வேண்டுமென்றே கொன்றுவிடலாமே என்று 1940களின் கடைசியில் சிலர் யோசித்தார்கள். 1950களில் ஹரால்ட் ஷுக்னெக்ட் என்ற அமெரிக்க மருத்துவர் மருந்தைச் செவிப்பறை வழியாக நடுக்காதில் விட்டுப் பார்த்தார். இன்று அதே வகையைச் சேர்ந்த ஜென்டாமைசினை, வேறு எதற்கும் அடங்காத மெனியே தலைசுற்றலுக்குச் சிறிய அளவில் அப்படிப் போடுகிறார்கள்.

சென்னை சொன்ன பாடம்

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. சேத்துப்பட்டில் இருக்கும் அதன் இன்றைய பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வில் ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தார்கள், இன்னொரு பகுதியினரை வீட்டிலேயே விட்டார்கள். இரு தரப்பினருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தது. குடிசையில் இருந்து, சத்தில்லாத உணவு சாப்பிட்டு, வேலைக்கும் போனவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமானார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் ஒரு பிரச்சினை வந்தது. வீட்டுக்குக் கொடுத்த மாத்திரையை எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது? மருத்துவமனைக்கு வரச் சொல்லி, கண் முன்னால் மருந்து கொடுப்பது. தினமும் வர முடியாதே! அதனால் வாரம் இரு முறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே அதிக அளவு ஐசோனியசிட் மாத்திரை. 1964இல் வெளிவந்த சென்னை ஆய்வு இது நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது. பின்னாளில் உலகம் "டாட்ஸ்" என்று சொன்ன முறைக்கு விதை இங்கேதான்.

ஊசி ஏன் இத்தனை காலம் நீடித்தது என்பதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாத்திரையைச் சாப்பிட்டாரா இல்லையா என்று சந்தேகம் வரும். ஊசி போட்டால் போட்டதுதான். நர்ஸ் கையெழுத்துப் போட்டுவிடலாம். நோயாளியின் மேல் இருந்த அவநம்பிக்கையின் விலையை அவர் காது கொடுத்தது.

70 வருடத்துக்கு மேல் எதற்கு?

1960களில் ரிஃபாம்பிசின் வந்த பிறகு சாதாரணக் காசநோய்க்கு ஊசியின் தேவை குறைந்தது. ஆனால் திரும்ப நோய் வந்தவர்களுக்கு, இந்தியாவில் 1997இல் தொடங்கிய திருத்திய திட்டத்திலும் ஸ்ட்ரெப்டோமைசின் இருந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய் என்றால் இன்னும் மோசம். கனமைசின் ஊசி, வாரத்தில் ஆறு நாள், ஆறு முதல் ஒன்பது மாதம். முதலில் உயர்ந்த சுருதி ஒலிகள் போகும். பேச்சு கேட்பதால் நோயாளிக்கே தெரியாது. ஆடியோகிராம் எடுத்தால்தான் தெரியும். அந்தக் கருவி எத்தனை காசநோய் மையங்களில் இருந்திருக்கும்?

மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளரும் பரதநாட்டியக் கலைஞருமான நந்திதா வெங்கடேசன் 2013இல் இப்படித்தான் இரண்டு காதிலும் செவித்திறனை இழந்தார். அவருக்குக் குடலில் காசநோய். பாட்டு கேட்காமலே மறுபடி மேடையேறி ஆடினார். தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவுக்கும் அதே நிலைதான்.

இவர்கள் காதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்து பெடாக்விலின். மாத்திரைதான். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரிஃபாம்பிசினுக்குப் பிறகு 40 வருடத்துக்கு மேல் காசநோய்க்கென்று புது வகை மருந்து எதுவும் வரவில்லை என்பதைப் பாருங்கள். ஏழைகளின் நோய்க்குச் சந்தை இல்லை, வேறென்ன! 2018இல்தான் உலக சுகாதார நிறுவனம் கனமைசின் இனி வேண்டாம் என்றது.

நந்திதாவும் ஃபுமேசாவும் அதோடு நிற்கவில்லை. பெடாக்விலின் மீதான காப்புரிமையை 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் கேட்டபோது, 2019இல் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மற்ற நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்க வழி பிறந்தது. 2024 செப்டம்பரில் இந்திய அரசு, ஊசியே இல்லாத ஆறு மாத மாத்திரைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுத்தது.

1945இல் எழுதி வைத்த பக்கவிளைவுக்கு முடிவு கட்ட 70 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இழந்தவர்களுக்கு என்ன வழி?

மயிர் செல்கள் போனாலும் நரம்பு பெரும்பாலும் மிச்சம் இருக்கும். அதனால் காக்ளியர் இம்பிளான்ட் கருவி பலருக்கு உதவுகிறது. ஃபுமேசா அப்படித்தான் மறுபடி கேட்கிறார். சமநிலை போனவர்களுக்கு அப்படி ஒரு கருவி இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பயிற்சிதான் மருந்து. கண்ணையும் கால்களையும் நம்பி நிற்க மூளையைப் பழக்குவது. இந்தப் பயிற்சிகள் 1940களில் பிரிட்டனில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக உருவானவை.

சிலருக்கு இரண்டு மூன்று ஊசியிலேயே காது போவதற்கு ஒரு மரபணு மாற்றம் காரணம் என்று 1993இல் தெரிந்தது. அது தாய் வழியாக வருவது. ஆகவே அம்மாவுக்கோ மாமாவுக்கோ ஊசி போட்டுக் காது போயிருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்! காசநோயை விட்டுவைத்தால் உயிர் போகும். ஆனால் அமிகாசின், ஜென்டாமைசின் ஆகியவை வேறு நோய்களுக்கு இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் போடப்படுகின்றன. பல நேரம் அவை உயிரைக் காப்பாற்றுகின்றன. ஊசி போடும் நாட்களில் காதில் 'ங்ஙொய்' என்று இரைச்சல் கேட்டாலோ, இருட்டில் நடக்கும்போது தள்ளாடினாலோ, பலவீனம் என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் நீங்கள் காது கொடுத்துக் கேளுங்கள்.