எழுபத்தெட்டுச் சுற்று

கிராமபோன் இசைத்தட்டின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் வழக்கமாக எடிசனிடமிருந்து ஆரம்பிப்பார்கள். நம் தேசத்தைப் பொறுத்தவரை அதை அரக்கிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம். சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளை அப்பிக்கொண்டு வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி சுரக்கிற பிசின் அது. துரியோதனன் அதில் மாளிகை கட்டினான். தபாலாபீஸ்காரர் பார்சலுக்கு அதனால் முத்திரை வைத்தார். வெள்ளைக்காரனோ அதைக் கப்பலேற்றி ஜெர்மனிக்குக் கொண்டுபோய், கல்மாவும் விளக்குக்கரியும் சேர்த்துப் பிசைந்து, தட்டாக அழுத்தி, கல்கத்தாப் பாட்டை அதற்குள் அடைத்து நமக்கே திருப்பி விற்றான். அரக்கும் நம்முடையது, பாட்டும் நம்முடையது. கூலி மட்டும் ஹானோவர் நகரத்துக்கு!

1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்க இளைஞர் லண்டன் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவில் முதல் பதிவுகளைச் செய்தார். முதல் நாள் அவருடைய தகரக் குழாயின் முன் நின்று பாடியவர்கள் பெரிய பெயர் எதுவும் இல்லாத இரண்டு நாடகப் பெண்கள், சசிமுகியும் ஃபணிபாலாவும். சில தினங்கள் கழித்துத்தான் புகழ்பெற்ற கௌஹர் ஜான் வந்தார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பது அந்த அம்மையாரின் வழக்கம். மெழுகுத் தட்டு ஹானோவருக்குப் போனால், அங்கே வேலை செய்கிற ஜெர்மானியனுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் தொழிற்சாலை வந்தது 1908-இல்.

அதற்குள் கம்பெனிக்காரர்கள் சென்னைக்கும் வந்துவிட்டிருந்தார்கள். இங்கேயும் முதலில் துணிந்து பாடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதுவும் தேவதாசி குலத்துப் பெண்கள். வித்வான்களில் பலருக்குப் பயம். இயந்திரம் குரலை உறிஞ்சிவிடும் என்று சிலர் நினைத்தார்களாம். காப்பிக் கடையில் கண்டவன் காதிலும் நம் சங்கீதம் விழுவதா என்று வேறு சிலர் கௌரவம் பார்த்தார்களாம். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி போன்றவர்களுக்கு அந்தப் பயமும் இல்லை, அந்தக் கௌரவமும் இல்லை. ஆகவே தமிழ்நாட்டுச் சங்கீதத்தின் நூறு வருஷத்துக்கு முந்தைய குரல் எது என்று கேட்டால், இன்று நாம் சுட்டிக்காட்டக்கூடியது முக்கியமாக அவர்களுடைய குரலைத்தான்.

நிற்க. பாகூரில் ஏரிக்கரையை அடுத்துக் குடியிருக்கிற, கதை எழுதிப் பிழைக்கிற ஒருவனுக்கு இதிலெல்லாம் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குப் பழைய இசைத்தட்டுகளின் மறுபதிப்புகளைச் சேர்க்கிற பைத்தியம் உண்டு. அசல் தட்டு வாங்க எனக்கு வசதியும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அசலைத் திரட்டிக் குறுந்தகட்டில் ஏற்றி வெளியிடுகிறார்களே, அதைத்தான் வாங்குகிறேன். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம். குறுந்தகடு எழுபத்துநாலு நிமிஷம். பன்னிரண்டு அரக்குத் தட்டுகள் என் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகின்றன என்று அர்த்தம். பாகவதரும், கிட்டப்பாவும், சுந்தராம்பாளும் முதலில் கேஸட்டாகவும் பிறகு குறுந்தகடாகவும் வந்த காலத்தில், மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி வந்தேன். கூடவே அமெரிக்க ஜாஸ், நீக்ரோக்களின் ப்ளூஸ் என்று கைக்கு அகப்பட்டதும் வந்து சேர்ந்தது. வாங்கிய கடைகள் இப்போது இல்லை. ஒன்றில் செல்போன் உறை விற்கிறார்கள்.

சேர்க்கச் சேர்க்க ஒரு விஷயம் புலனாயிற்று. மறுபதிப்பு என்பது பிரதி எடுக்கிற காரியம் அல்ல. தீர்ப்புச் சொல்கிற காரியம். முதலில் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழலும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு உறுதிப்பட்டது 1925-க்குப் பிறகு, மின்சாரப் பதிவு வந்த பின்புதான். அதற்கு முன்னால் பதிவு செய்தவருடைய இயந்திரம் எப்படிச் சுழன்றதோ அதுவே வேகம். எழுபதும் உண்டு, எண்பதும் உண்டு. எழுபத்துநாலில் பாடிய தட்டை எழுபத்தெட்டில் வைத்தால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். நாற்பது வயது அம்மாள் இருபது வயதுப் பெண்ணாகிவிடுவாள். பிருகாக்கள் எல்லாம் மின்னலாகப் பறக்கும். ‘அந்தக் காலத்துக் குரல் எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு துரிதம்!’ என்று வியக்கிறோமே, அந்த வியப்பில் பாதி கடிகாரக் கோளாறு.

இது ஏதோ நம் நாட்டு அஜாக்கிரதை என்று நினைக்க வேண்டாம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்ற ஜாஸ் தொகுப்பு 1959-இல் நியூயார்க்கில் பதிவானது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் தட்டுகளில் ஒன்று. மார்ச் மாதப் பதிவின்போது ஒரு டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருந்தது. அதனால் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் பூராவும் கொஞ்சம் ஏறின சுருதியிலேயே ஒலித்தன. 1992 மறுபதிப்பில்தான், உடன் ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப்பைத் தேடி எடுத்துச் சரி செய்தார்கள். அதற்குள் எத்தனை வாத்தியக்காரர்கள் அந்தத் தட்டோடு சேர்ந்து சாதகம் செய்து, தங்கள் வாத்தியத்தின் மேல் சந்தேகப்பட்டிருப்பார்களோ!

இரண்டாவது, அசல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. மெழுகில் பதிந்ததைச் செம்பில் அச்செடுத்து, அந்த அச்சைக் கொண்டுதான் அரக்குத் தட்டு அழுத்துவார்கள். உலோக அச்சு பிழைத்திருந்தால் மறுபதிப்பு பளிங்காக இருக்கும். எங்கள் பாகூரையே பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்தது இன்றைக்கும் தெரிகிறதென்றால், அதைச் செப்பேட்டில் வெட்டியதுதான் காரணம். அச்சு போய்விட்டால் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கிற, ஆயிரம் முறை ஊசி உழுத தட்டுதான் கதி. ராபர்ட் ஜான்சன் என்ற நீக்ரோ பாடகர் 1936, 37-இல் டெக்சஸில் இருபத்தொன்பது பாட்டுகள் பாடி, மறுவருஷம் இருபத்தேழாவது வயதில் செத்துப்போனார். தட்டுகளைப் பத்திரப்படுத்தியவர்கள் இருந்தார்கள். 1961-இல் அவை நீண்ட தட்டாக வந்து, இங்கிலாந்தின் ராக் வாத்தியக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் ஆயின. 1990-இல் குறுந்தகடாகி லட்சக்கணக்கில் விற்றன.

நம் தேவதாசிப் பெண்களின் தட்டுகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 1947-இல் சென்னை ராஜதானியில் பொட்டுக்கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது, வரவேண்டிய சட்டந்தான். ஆனால் அதோடு ஒரு வெட்கமும் வந்தது. பாட்டியின் பெயரைச் சொல்லிக்கொள்ளப் பேரன்மார் தயங்குகிற குடும்பத்தில் பாட்டியின் தட்டை யார் துடைத்து வைப்பார்கள்? மிஞ்சியவற்றைக் காப்பாற்றியது சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற தனி மனிதர்களின் பிடிவாதமும், 1990-இல் பம்பாயில் கூடிய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கமும்தான். அந்தப் பூர்வீகப் பதிவுகளுக்கு ஜாதகம் கணித்தவர் மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர். 1908 வரையிலான பதிவுகளைப் பட்டியலிட்டு 1994-இல் புத்தகமாகவே போட்டார்.

கிராமத்தில் தட்டுகள் இல்லாமல் இல்லை. வில்லியனூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது பதினாலு வயதுப் பையன். ரேடியோ செட்டுக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பிற்பாடு தாமே செட் வைத்தவர். திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு மூங்கிலில் குழாய் கட்டுவார்; பிரெஞ்சு கவர்னரும் வந்து வடம் பிடித்த தேர் அது. அவருடைய தகரப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். அநேகமாக எல்லாம் சினிமாத் தட்டு. மேளம் வைக்க வசதியில்லாத கல்யாணங்களுக்காக நாகஸ்வரத் தட்டு சில. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தேய்ந்து வெளுத்திருந்தது.

“இன்னும் பழசு ஒண்ணும் இல்லையா?” என்றேன்.

“இருந்துது தம்பி. பொம்பளைங்க பாடின பழைய பிளேட்டு ஒரு கட்டு. கல்யாணத்துல யாரு அதைக் கேப்பாங்க? பெட்டி பாரம்னு எங்க முதலாளி குடுத்துட்டாரு.”

யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

இனி கோயமுத்தூர் தாயியின் கதைக்கு வருகிறேன். 1872-இல் பிறந்தவர்; இயற்பெயர் பழனிக்குஞ்சரம். மோரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவெலின் சிஷ்யர், 1912 வாக்கில் நம் நாட்டுக்கு வந்தார். மாமல்லபுரத்தில் தாயியின் பாட்டைக் கேட்டார்; கேட்டவர் கிறங்கிப் போனார். ஊர் திரும்பும்போது இசைத்தட்டுகளைக் கொண்டுபோனார். தாயி பாடிய அருட்பாத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அதை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி, பியானோவுக்கும் குரலுக்குமாக ‘ராகமாலிகா’ என்று ஓர் உருப்படி செய்தார். மொழி தமிழேதான். நம் தாளவாத்தியத்தின் மொத்தென்ற ஓசைக்காகப் பியானோவின் ஒரு தந்தியின் கீழ் அட்டைத் துண்டு செருகச் சொல்லிக் குறிப்பும் எழுதினார். எங்கள் பாகூரிலிருந்து கடலூரைத் தாண்டினால் வடலூர். அந்த வடலூர் வள்ளலாரின் சொல் தாசியின் நாவில் ஏறி, அரக்கில் பதிந்து, பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதே வருஷங்களில் பாரதியார் புதுச்சேரியில்தான் இருந்தார். 1908 முதல் 1918 வரை. அவருடைய குரல் ஒரு தட்டிலும் இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு அவரைத் தெரியாது. அவர் தலைமறைவாக வந்தவர், பிரிட்டிஷ் சென்னைக்குப் போய்க் குழாய் முன் நிற்க முடியாது. இதை நினைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தாயி 1917-இல் காலமானார். தெலாஜின் பாட்டு பிரான்சில் குறுந்தகடாக வந்திருக்கிறது. தாயியின் தட்டுகளோ சேகரிப்பாளர் கையிலிருந்து கணினிப் பிரதியாகக் கிடைக்கின்றன. அவை எந்த வேகத்தில் பதிவாயின என்பதற்குத் தட்டில் அடையாளம் இல்லை. தெலாஜ் ஒருவர்தான் அந்தக் குரலை நேரிலும் கேட்டு, தட்டிலும் கேட்டு, காகிதத்திலும் எழுதியவர். அந்தக் காகிதத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு தட்டின் வேகத்தைக் கண்டுபிடிக்கலாமா என்று எனக்கு ஆசை. பாடுகிறவளுக்கு வசதியாகச் சுருதியை அவர் மாற்றியிருந்தால் சாட்சி பொய்த்துப் போகும், அதுவும் தெரியும்.

போன மாதம் வில்லியனூர்ப் பெரியவரிடம் தாயியின் பிரதியைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷம் கேட்டார்.

“ஓட்டம் ஜாஸ்தி தம்பி. இறக்கு.”

கணினியில் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன். எழுபத்தாறு, தலையை ஆட்டி மறுத்தார். எழுபத்தைந்து. செட்டு வேலையில் ஐம்பது வருஷம் கவர்னர் திருகாணியைக் காதாலேயே திருகினவர், கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு நூல்... ம், நிறுத்து. இப்பத்தான் மூச்சு வாங்குறது தெரியுது.”

எழுபத்து நாலரை. தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.