ஒரு பயணத் திட்டமும் நான்கு பழைய திட்டங்களும்



இரண்டு வாரமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. "ஐயா, உடம்புக்கு முடியலையா?" என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேரனோடு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேரனுக்குப் பதினேழு, பேத்திக்குப் பதினான்கு. பேரன் அடுத்த வருடம் கல்லூரிக்கு வேறு ஊர் போய்விடுவான். அதற்குள் நால்வரும் காரில் ஒரு வாரம் சுற்றிவர வேண்டும் என்பது மகளின் ஆசை. "பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், திட்டத்தை அவர்களே போடட்டும்" என்று விட்டுவிட்டாள். பேரன் போட்டான். ஜூலை மாதம். பீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யன், அங்கிருந்து பேஜ், சயான், லாஸ் வேகாஸ். கிராண்ட் கேன்யனில் ஒரே நாளில் கீழே ஆறு வரை இறங்கி, அன்று மாலையே மேலே ஏறிவிடுவது என்று எழுதியிருந்தான்.

மகள் அழாத குறையாக எனக்குப் போன் செய்தாள். நான் பேசியதற்கு அவன் சொன்ன பதில்: "தாத்தா, நான் ஸ்கூல்ல கிராஸ் கன்ட்ரி ஓடறேன். அது வெறும் பாறைதானே?"

பதினேழு வயதுப் பையனிடம் "போகாதே" என்றால் கட்டாயம் போவான். முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு அதுகூடத் தெரியாதா? ஆகவே தடுக்கவில்லை. "உனக்கு முன்னால் அந்த மண்ணில் திட்டம் போட்டவர்கள் நான்கு பேரைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உன் இஷ்டப்படி செய்" என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் திட்டம், 1540. மெக்சிகோவிலிருந்து தங்க நகரங்களைத் தேடி வடக்கே வந்த ஸ்பெயின் படையின் தலைவர் கொரோனாதோ. பெரிய ஆறு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, கார்தெனாஸ் என்ற தளபதியின் கீழ் ஒரு சிறு குழுவை அனுப்பினார். ஹோப்பி மக்கள் வழிகாட்டிகளாக வந்தார்கள். கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நின்ற முதல் ஐரோப்பியர்கள் இவர்கள்தான். மேலிருந்து பார்த்தபோது ஆறு ஆறடி அகலம்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். மூன்று நாள் இறங்க வழி தேடினார்கள். சுறுசுறுப்பான மூன்று பேர் இறங்கிப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு ஆழம்கூடத் தாண்ட முடியாமல் மாலையில் திரும்பி வந்தார்கள். மேலிருந்து ஆள் உயரம் எனத் தெரிந்த பாறைகள், கிட்டப் போனால் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரம் என்றார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குழு திரும்பிவிட்டது. அடுத்து ஓர் ஐரோப்பியர் அந்த விளிம்புக்கு வர 1776 ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹோப்பிகள் உப்பு எடுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஏறியவர்கள். பாதை தெரிந்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். வாளோடு வந்தவர்களுக்கு அவர்கள் அந்தப் பாதையைக் காட்டவில்லை.

இரண்டாவது திட்டம், 1863. அமெரிக்க ராணுவத் தளபதி கார்ல்டன் போட்டது. நவாஹோ மக்களை அவர்களுடைய பள்ளத்தாக்குகளிலிருந்து கிளப்பி, கிழக்கே நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடொண்டோ என்ற இடத்தில் குடிவைத்து, அவர்களை "நாகரிக" விவசாயிகளாக்குவது. கிட் கார்சன் தலைமையில் வந்த படை பயிரைக் கொளுத்தியது, ஆடுகளைக் கொன்றது. கேன்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கில் அவர்கள் வளர்த்து வைத்திருந்த பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தது. பட்டினியால் சரணடைந்தவர்களை 1864 முதல் நடத்தியே கொண்டுபோனார்கள். நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் நடை, அதுவும் குளிர்காலத்தில். "நெடுநடை" என்று அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஆற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. சோளத்தைப் புழு தின்றது. எட்டாயிரம் பேருக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டதில் இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

நான்கு ஆண்டில் திட்டம் தோற்றது. 1868 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் போட்டு நவாஹோக்கள் சொந்த மண்ணுக்கே திரும்பினார்கள். துரத்தப்பட்ட பூர்வகுடிகளில் இப்படி ஊர் திரும்ப முடிந்தவர்கள் மிகச் சிலர். கேன்யன் டி ஷேயில் அவர்கள் குடும்பங்கள் இன்றும் பயிர் செய்கின்றன. தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம்தான், ஆனால் நிலம் நவாஹோக்களுடையது.

மூன்றாவது திட்டம், 1869. எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் போட்டவர் ஒரு வாத்தியார். ஜான் வெஸ்லி பவல், புவியியல் பேராசிரியர். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடந்த கொலராடோ ஆற்றைப் படகில் கடந்து அளந்துவிட வேண்டும் என்று கிளம்பினார். மே 24 அன்று பத்துப் பேர், நான்கு படகுகள், பத்து மாதத்துக்கான உணவு. திட்டத்தில் குறை சொல்ல முடியாது.

இரண்டு வாரத்தில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. உணவில் ஒரு பங்கு அதோடு போயிற்று. ஜூலையில் ஒருவர் "எனக்கு இது போதும்" என்று விலகினார். ஆகஸ்டில் மிஞ்சியது பூஞ்சை பிடித்த மாவும் உலர்ந்த ஆப்பிளும் காப்பித்தூளும்தான். ஆகஸ்ட் 28 அன்று முன்னால் ஒரு பயங்கரமான நீர்ச்சரிவு. மூன்று பேர் "இதில் இறங்க மாட்டோம்" என்று கரையேறி, பாலைவனத்து வழியே ஊர் தேடி நடந்தார்கள். மற்ற ஆறு பேரும் துணிந்து இறங்கினார்கள். மறுநாளே பள்ளத்தாக்கு முடிந்து வெளிச்சம் வந்துவிட்டது! நடந்துபோன மூவரும் கொல்லப்பட்டார்கள். யார் கொன்றார்கள் என்பதில் இன்றும் வாதம் உண்டு.

என் பேரனிடம் நான் அழுத்திச் சொன்னது இதற்குப் பிறகு நடந்ததை. அடுத்த ஆண்டு, 1870-இல், பவல் மறுபடி அந்தப் பக்கம் போனார். இந்தத் தடவை படகோடு போகவில்லை. அங்கே வாழும் பையூட் மக்களோடு உட்கார்ந்து பேசினார். ஊற்று எங்கே இருக்கிறது, ஆற்றுக்கு எந்தப் பக்கம் இறங்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் 1871-இல்தான் இரண்டாம் பயணம். பிற்காலத்தில் பூர்வகுடிகளின் மொழிகளை ஆராயும் அரசு அமைப்புக்கே தலைவரானார். ஒரு கையால் பாறை ஏறியதைவிட, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்டதைத்தான் நான் பெரிய வீரம் என்பேன்.

நான்காவது திட்டம், 1922. இது தண்ணீர்த் திட்டம். கொலராடோ ஆற்று நீரை ஏழு மாநிலங்களுக்குப் பங்கு போட்டார்கள். மேல்பகுதிக்குப் பாதி, கீழ்ப்பகுதிக்குப் பாதி; நம் கணக்கில் மொத்தம் ஏறத்தாழ 650 டி.எம்.சி. அந்தக் கணக்கை எடுத்தது வழக்கத்தைவிட மழை அதிகம் பெய்த சில ஆண்டுகளை வைத்து. ஆற்றங்கரைப் பூர்வகுடிகளைக் கூட்டத்துக்கே அழைக்கவில்லை. "இந்த நிலத்தை எல்லாம் நனைக்க இங்கே தண்ணீர் கிடையாது" என்று பவல் 1893-இலேயே ஒரு மாநாட்டில் எச்சரித்தபோது, சபையில் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள்.

பங்கு பிரித்த நீரைத் தேக்க, பேஜ் என்ற இடத்தில் கிளென் கேன்யன் அணை கட்டி 1963-இல் மதகை மூடினார்கள். நம் மேட்டூரைப் போல் பத்து மடங்குக்கு மேல் கொள்ளளவு. நிரம்பவே 1980 ஆயிற்று. அழகான ஒரு பள்ளத்தாக்கும் அதிலிருந்த தொல்குடி வீடுகளும் மூழ்கின. அந்த ஏரிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பவல் ஏரி! தண்ணீர் போதாது என்று சொன்னவர் பெயரையே வைத்தார்கள். 2023 தொடக்கத்தில் அது, நிரம்பிய நாளிலிருந்து காணாத அளவுக்கு வற்றியது. பாறையில் வெள்ளைக் கோடாகப் பழைய நீர்மட்டம் தெரிகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு செய்தியையும் சேர்த்தேன். பேஜ் பக்கத்தில் ஆன்டிலோப் கேன்யன் என்று ஒன்று. இரண்டு ஆள் அகலம்கூட இல்லாத மலையிடுக்கு, படத்தில் பார்த்திருப்பீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று பல கிலோமீட்டர் தள்ளி மேட்டில் பெய்த மழை, சுவர்போல் எழும்பி அந்த இடுக்கில் பாய்ந்தது. சுற்றிப் பார்க்க வந்த பதினொரு பேர் உயிரிழந்தார்கள். அங்கே ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை திடீர் மழைக்காலம். இன்று நவாஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது.

அவன் ஒன்றும் பேசவில்லை. "பார்க்கறேன் தாத்தா" என்று வைத்துவிட்டான். மூன்று நாள் பேச்சே இல்லை. வழக்கில் தோற்றேன் என்றுதான் நினைத்தேன்.

நான்காம் நாள் பேத்தி புதிய திட்டத்தை அனுப்பினாள். இருவரும் உட்கார்ந்து போட்டது.

ஜூலை போய் அக்டோபர் வந்திருந்தது. பீனிக்ஸில் அப்போதும் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை உண்டாம். ஆறு வரை இறங்கும் யோசனை போய்விட்டது. பேரனே கணக்குப் போட்டிருந்தான்: விளிம்பிலிருந்து ஆற்றுக்கு 1,400 மீட்டர் இறக்கம். கோடையில் அடியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இறங்க ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற வேண்டும். "தாத்தா, மலைன்னா களைச்சா திரும்பிடலாம். இங்கே களைச்ச பிறகுதான் ஏறணும்" என்றான். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமும் எச்சரிக்கிறது. அங்கே ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் மீட்கப்படுகிறார்களாம். இவர்கள் பிரைட் ஏஞ்சல் பாதையில் முதல் இளைப்பாறும் இடம் வரை, இரண்டரை கிலோமீட்டர் மட்டும், விடிகாலையில் இறங்கி ஏறுவார்கள்.

அதே பாதையில் இன்னும் கீழே ஒரு பசுந்தோப்பு இருக்கிறது. ஹவசுபாய் மக்கள் சோளமும் அவரையும் பயிரிட்ட இடம். பூங்கா வந்தபின் அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். 1975-இல்தான் அவர்களுடைய மேட்டு நிலத்தில் சுமார் 75,000 ஹெக்டேர் சட்டப்படி திரும்பக் கிடைத்தது. தோப்புக்கு ஹவசுபாய் தோட்டம் என்ற பெயர் 2022-இல்தான் வந்தது. "மேலிருந்தே பார்த்துக் கும்பிட்டுக்கறோம்" என்று பேத்தி எழுதியிருந்தாள்.

சயானையும் லாஸ் வேகாஸையும் எடுத்துவிட்டார்கள். பேஜிலிருந்து கிழக்கே மானுமென்ட் வேலி, பிறகு கேன்யன் டி ஷே. அங்கே ஒரு நவாஹோ வழிகாட்டியோடு பள்ளத்தாக்குக்குள் போக முன்பதிவு. திரும்பும் வழி ஹோப்பி ஊர்கள். அமெரிக்காவில் இடைவிடாமல் மக்கள் வாழும் மிகப் பழைய ஊர்களில் ஒன்றான ஒராய்பி அங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் போல மழை பெய்யும் மண்ணில், பாசனமே இல்லாமல், விதையை ஆழமாக ஊன்றிச் சோளம் எடுக்கிறவர்கள் ஹோப்பிகள். ஊருக்குள் படம் எடுக்கக் கூடாது. கேமராவைக் காரிலேயே வைப்பது என்று தனிக் குறிப்பே போட்டிருந்தார்கள்.

கடிகாரக் குறிப்பும் இருந்தது. அரிசோனா கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவாஹோ நாடு மாற்றும். அதற்குள்ளேயே இருக்கும் ஹோப்பி நிலம் மாற்றாது. ஆக ஒரே நாளில் மூன்று தடவை மணி பார்க்க வேண்டும். "யார் நிலத்துல இருக்கோம்னு கடிகாரமே சொல்லும் தாத்தா" என்றான் பேரன். வெறும் பாறை என்றவன்தான்.

மகள், மருமகன் பங்குக்குச் சில வேலை கொடுத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் காரில் ஒரு கேன். செல்போன் சிக்னல் இல்லாத நீண்ட சாலைகள் உண்டு; அதனால் காகித வரைபடம் ஒன்று. பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்புவது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்களே, உங்களில் பலருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படி ஒரு பயணம் போனால், ஓட்டல் முன்பதிவுக்கு முன்னால் ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்: "இங்கே நமக்கு முன் யார் இருந்தார்கள், அவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?" மீதித் திட்டத்தை அவர்களே சரியாகப் போட்டுவிடுவார்கள்.

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள் நம் பெரியவர்கள். கூடவே காதும் இருந்தால்தான் அங்கிருந்து பத்திரமாகத் திரும்பலாம்.

அக்டோபரில் படங்கள் வந்ததும் போடுகிறேன், ஹோப்பி ஊர்கள் நீங்கலாக.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்