கைத்துப்பாக்கிக் குண்டுகளும் ஜெலட்டின் சோதனையும்

கைத்துப்பாக்கிக் குண்டு தசை போன்ற மென்மையான பொருளுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது, போகும் வழியில் எப்படி உருமாறுகிறது என்பதை அளக்க இன்று பெரிதும் பயன்படுவது ஜெலட்டின் கட்டி. குண்டுக் காயங்களை ஆராய்ந்த சுவிஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெலட்டினிலும் சோப்பிலும் சுட்டுப் பார்த்தார். ஆனால் 1904இல் சிகாகோ இறைச்சிக்கூடங்களில் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் தாம்சனும் லகார்டும் நடத்திய சோதனைக்கு உயிருள்ள மாடுகளே இலக்கு. விலங்குக்கு விலங்கு முடிவு மாறியது. அந்த வதைக்கு ஈடாகக் கிடைத்த அறிவு சொற்பமே. ஆயினும் அதைக் கொண்டுதான் அந்த ராணுவம் .45 அங்குலக் குண்டைத் தேர்ந்தெடுத்தது.

இப்போதைய முறைக்கு உருக்கொடுத்தவர் ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர். ஒரு பங்கு ஜெலட்டின் தூளை ஒன்பது பங்கு நீரில் கரைத்து, அச்சில் ஊற்றி, 4 டிகிரி செல்சியஸில் குளிரவைப்பார்கள். கட்டி சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க, முதலில் 4.5 மி.மீ. எஃகு மணி ஒன்றை விநாடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். அது ஏறக்குறைய 8.5 செ.மீ. ஆழத்தில் நின்றால்தான் கட்டி தேறும். அறையின் சூடு ஏறினால் கட்டி இளகி, எல்லாக் குண்டுகளும் ஆழமாகப் போனதுபோலக் காட்டும். இந்தச் சரிபார்ப்பு இல்லாத சோதனை எண்களை நம்பவே கூடாது.

முழுதும் செம்பு உறையிட்ட 9 மி.மீ. குண்டு உருக்குலையாமல் 60 செ.மீ.க்கும் அதிகமாக ஊடுருவும். ஆளைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் அபாயம் இதில்தான் அதிகம். நுனியில் குழி உள்ள குண்டின் கதை வேறு. ஈரப்பொருளின் அழுத்தம் குழிக்குள் புகுந்து சுவரை வெளிப்புறமாக மடக்க, குண்டு விரிந்து, முன்பக்கம் அகன்று வேகமிழக்கிறது. நன்றாக விரிந்தால் ஏறத்தாழ 30 முதல் 45 செ.மீ.க்குள் நின்றுவிடும். எளிதில் நொறுங்கும் குண்டுகள் ஆழம் போகாமலே சிதறுகின்றன.

குழிமுனை எப்போதும் விரியும் என்பதில்லை. தடித்த துணியைத் துளைக்கையில் நூல் குழியை அடைத்துவிட்டால், அது உறையிட்ட குண்டைப் போலவே நேராகப் போய்விடும். அதனால்தான் கட்டியின் முன்னே நான்கு மடிப்பு டெனிம் துணியைத் தொங்கவிட்டும் சுட்டுப் பார்க்கிறார்கள்.

ஆழத்தின் முக்கியத்துவத்தை உணர்த்தியது 1986 ஏப்ரல் 11இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டை. தொடக்கத்திலேயே கொள்ளையர் ஒருவரின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மி.மீ. குழிமுனைக் குண்டு, இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அவர் தொடர்ந்து சுட்டார். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். அதன்பின் எஃப்.பி.ஐ. வகுத்த விதிமுறை, குண்டு ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது என்கிறது. வெற்றுக் கட்டியோடு துணி, எஃகுத் தகடு, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றின் வழியாகவும் சுட வேண்டும்.

குண்டு பாயும்போது ஜெலட்டினில் ஒரு கணம் பெரிய குழி விரிந்து சுருங்கும். மெதுவோட்டப் படங்களில் பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் கைத்துப்பாக்கி வேகத்தில், நீட்சியுள்ள தசையும் நுரையீரலும் பெரும்பாலும் இந்த விரிவைத் தாங்கிக்கொள்கின்றன. கல்லீரல் போன்ற நீட்சியற்ற உறுப்புகளே கிழிய வாய்ப்புண்டு. நிலையான சேதம் பெரும்பாலும் குண்டு நேராக நசுக்கிய பாதையில்தான். குழியின் பருமனை வைத்து இந்தக் குண்டு ஆளை வீழ்த்தும் என்று விளம்பரம் செய்வது தவறான வழிகாட்டல்.

ஜெலட்டினில் எலும்பு இல்லை, தோல் இல்லை, வெற்றிடமும் இல்லை. ஒரே பதத்தில் இருப்பதால் இரண்டு குண்டுகளை நியாயமாக ஒப்பிட அது உதவும். குறிப்பிட்ட ஒருவரின் காயம் எப்படி இருக்கும் என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது.

விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899 ஹேக் பிரகடனம் தடைசெய்கிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் பிரிட்டிஷார் தயாரித்த துப்பாக்கிக் குண்டுகள் எழுப்பிய கண்டனம் அதற்கொரு காரணம். உள்நாட்டுக் காவல்பணி அந்தப் பிரகடனத்தின் வரம்புக்குள் வராது. வழிப்போக்கர்களைக் காக்க வேண்டும் என்ற வாதத்தோடு நியூயார்க் காவல்துறை 1990களின் இறுதியில் குழிமுனைக் குண்டுக்கு மாறியது.