கற்பூரம் நின்னா படலம் இருக்கு

2015 டிசம்பர்ல படகு வந்த முடிச்சூர்ல, 2019 கோடையில தண்ணி லாரிக்குக் காத்து நின்னோம். ஏரித் தண்ணி ஆவியாகாம தடுக்கும் ரசாயனம் பத்தி அப்பதான் படிக்க ஆரம்பிச்சேன். சீட்டைல் ஆல்கஹால், முகத்துக்குப் பூசுற கிரீம்ல இருக்கிற அதே மெழுகுப் பொருள். நீர்ப்பரப்பில் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படரும். 1950களில் ஆஸ்திரேலியாவில் மான்ஸ்ஃபீல்ட் இதை நீர்த்தேக்கங்களில் சோதித்தார். 1960களில் புனே தேசிய வேதியியல் ஆய்வகமும் இந்த வகைப் பொருள்களை ஆராய்ந்தது.

என் கேள்வி வேற. கண்ணுக்கே தெரியாத படலம் அங்க இருக்கா இல்லையானு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில் பூஜை அறையில் இருந்தது. சுத்தமான தண்ணியில் கற்பூரத் துணுக்கைப் போட்டா சுத்திச் சுத்தி ஆடும். எண்ணெய் படர்ந்தா நின்னுடும். 1890இல் ராலே பிரபு இதை வச்சே, ஆட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வேணும்னு அளந்தார். படலத்தின் கனம் சுமார் 1.6 நானோமீட்டர்! அடுத்த வருஷம், ஜெர்மனியில் வீட்டிலேயே ஆய்வு செய்துவந்த ஆக்னஸ் போக்கெல்ஸின் கடிதத்தை அவர் 'நேச்சர்' இதழில் வரவைத்தார். தகரத் தொட்டி, பரப்பை நெருக்க ஒரு பட்டை, சின்ன வட்டத்தட்டை நீரிலிருந்து பிய்த்தெடுக்கும் விசையை அளக்க ஒரு தராசு. அவ்வளவுதான் அந்த அம்மாவின் கருவி.

நானும் செஞ்சு பார்த்தேன். முதல் தடவை கற்பூரம் அசையவே இல்லை. டம்ளர்ல எண்ணெய்ப் பிசுக்கு. நல்லாக் கழுவினதும் ஆடுச்சு. தலையில் தேய்ச்ச விரலால தொட்டேன், நின்னுச்சு.

ஏரியில இது போதாது. ஆலிவ் எண்ணெயும் கற்பூரத்தை நிறுத்தும், ஆனா ஆவியைத் தடுக்காது. மூலக்கூறுகள் நெருக்கியடிச்சு நிக்கணும். அதனால களத்தில் காட்டி எண்ணெய்கள் வந்தன. படலத்தின் அழுத்தம் குறைவா இருந்தா சொட்டு படரும், அதிகமா இருந்தா லென்ஸ் மாதிரி குவிஞ்சு நிக்கும். அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தின் ஹெஃப்னர் ஏரியில் 1958இல் நடந்த பெரிய சோதனையில் மிச்சமானது 9 சதவீதம்தான். ஆய்வகத்தில் கிடைச்சதை விட ரொம்பக் குறைவு. காத்து படலத்தைக் கரைக்கு ஒதுக்கிடும்.

நம்ம புறநகர் ஏரிகள்ல சிக்கல் இன்னொண்ணு. சாக்கடையோட சோப்பு நுரையும் கலக்குது. என் எண்ணெய் டம்ளர் மாதிரிதான். நாம எதையும் தூவாமலே கற்பூரம் நின்னுடலாம்.