ஈ.ஆர்.பி. மென்பொருள் நிறுவுதல்

கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகியவற்றை ஒரே தரவுத்தளத்தில் இணைக்கும் நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவரும் பணி. 1992இல் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் வெளியிட்ட ஆர்/3 மென்பொருள் இதை உலகெங்கும் பரப்பியது.

அவசரம் இதன் முதல் எதிரி. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் நான்கு ஆண்டு வேலையை 30 மாதங்களுக்குள் திணித்து, 1999 ஜூலையில் புதிய அமைப்புக்கு மாறியது. ஹாலோவீன் பண்டிகைக்கான மிட்டாய் ஆர்டர்கள் குவியும் நேரம் அது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் கடைக்குப் போகவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்கள் தேங்கின.

கணினி வலையமைப்புக் கருவி நிறுவனமான சிஸ்கோ வேறு வழியில் போனது. ஒவ்வொரு துறையும் அனுப்ப மனம் வராமல் தயங்கும் திறமைசாலிகளையே திட்டக்குழுவுக்கு இழுத்தது. அன்றாட வேலைகளை மென்பொருளில் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைகளைச் சுற்றுச்சுற்றாக நடத்தியது. ஆரக்கிள் நிறுவனத்தின் ஈ.ஆர்.பி. மென்பொருள் ஒன்பது மாதங்களில், 1.5 கோடி டாலர் செலவில், 1995 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. முதல் வாரங்களில் கணினிகள் திணறின. வன்பொருளை வலுப்படுத்தியதும் சீரானது. குழுவினருக்கு ரொக்கப் பரிசும் கிடைத்தது.

பழைய வழக்கத்துக்கேற்ப மென்பொருளை வளைப்பதும் ஆபத்து. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தன் முறையைக் கைவிடாத ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி நிறுவனம், சுமார் 50 கோடி யூரோ செலவழித்தபின் 2018இல் எஸ்.ஏ.பி. திட்டத்தையே கைவிட்டது.