தீப்பெட்டி ஆபீஸ்

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. "ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள். "அக்கா எங்கே?" என்று கேட்டால் "ஆபீசுக்குப் போயிருக்கா" என்று பதில் வரும். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, பரவாயில்லையே, பத்து வயதில் உத்தியோகமா என்று சிரிப்பார்கள்.

விருதுநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1985-ல். முதலில் காமராஜர் மாவட்டம் என்று பெயர்; 1997-ல்தான் இந்தப் பெயர். அதற்கு முன்பு நாங்கள் ராமநாதபுரம் ஜில்லா. கரிசல் மண், கிணற்றில் தண்ணீர் கிடையாது, மழை பெய்தால் பருத்தியும் கம்பும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் விவசாயியைக் கெடுத்த அதே வறண்ட காற்றும் வெயிலும்தான் தீக்குச்சி மருந்து காய்வதற்குத் தோதாக அமைந்தது.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 வாக்கில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தச் சமயத்தில் சுவீடன் கம்பெனி பெரிய இயந்திரங்களோடு இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தது. இவர்களிடம் இருந்தது மனிதக் கைகள். பிற்பாடு சின்ன ஆபீஸ்களுக்கு அரசாங்கம் வரியைக் குறைத்ததால் கைத்தொழில் பிழைத்தது. லேபிள் அச்சடிக்க வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. வெடிமருந்துப் பழக்கத்தில் பட்டாசு வந்தது. காலண்டரும் வந்தது. ஒரு குச்சியிலிருந்து ஒரு ஊரே கிளைத்தது என்று பெருமையாகச் சொல்வோம்.

கைகள் என்றேனே, அவை யாருடைய கைகள் என்பதைப் பெருமை பேசும்போது விட்டுவிடுவோம்.

என் அக்கா 1965-ல் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். வயது பத்து. வேலை கட்டை அடுக்குவது. பள்ளம் பள்ளமாக வெட்டிய சட்டங்களில் மருந்தில்லாத குச்சிகளை ஒவ்வொன்றாக வைத்து, சட்டத்தின் மேல் சட்டமாக அடுக்கி இறுக்க வேண்டும். பிறகு பெரியவர்கள் அந்தக் கட்டையை மருந்தில் முக்குவார்கள். எத்தனை கட்டையோ அத்தனைக்குக் கூலி. வீட்டில் அம்மா ராத்திரி சிம்னி விளக்கில் பெட்டி ஒட்டுவாள். அதற்குக் கணக்கு குரோஸ், அதாவது 144. எனக்குக் கூட்டல் கழித்தலுக்கு முன்பே குரோஸ் கணக்கு தெரியும். பசை வாடை வராத சோறு எங்கள் வீட்டில் கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போனேன். ஆண்பிள்ளை என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி.

இத்தனைக்கும் இது காமராஜரின் மண். விருதுநகரில் வியாபாரிகள் மகமை வசூலித்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் அவர் படித்தார். வறுமையால் அவரும் பாதியில் நின்றவர். முதலமைச்சரான பின் 1956-ல் மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தார். அந்தச் சாப்பாட்டை நான் சாப்பிட்டேன். ஆனால் மத்தியானச் சோற்றுக்கு மட்டும் வழி கிடைத்தால் போதாதே, ராத்திரிக்கும் வேண்டுமே. அக்காவின் கூலி அந்த ராத்திரிச் சோறு. என் நோட்டுப் புத்தகமும் அதில்தான்.

பின்னாளில் விடியுமுன்பே கிராமம் கிராமமாக ஆபீஸ் பஸ் வந்து தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிப்போனது. 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைப் பேப்பரில் பார்த்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது.

"எனக்கும் உண்டாடா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

2021 டிசம்பரில், 14 வருஷத்துக்குப் பிறகு, தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. ஊருக்குப் போயிருந்தபோது இதை எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "எழுது. ஆனா ஆபீசில நாங்க அழுதுக்கிட்டே இருந்தோம்னு எழுதிராத. பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் அடுக்குவோம்" என்றாள். என்ன பாட்டு என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றுவிட்டு விளக்கேற்றப் போனாள்.