இஸ்மாயீல் (அலை) அவர்களின் இரண்டாம் மகன்

சீறா வகுப்பில் ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வமிச வரிசையை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தேன். அப்துல்லாஹ், அப்துல் முத்தலிப், ஹாஷிம் என்று தொடங்கி, 21ஆம் பெயராகிய அத்னானில் நிறுத்தினேன். ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் ஆதம் (அலை) அவர்கள் வரை பெயர்கள் இருக்கின்றனவே! தாங்கள் ஏன் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்?" என்று வினவினார்.

"அந்தப் படத்தில் கைதார் என்றொரு பெயர் உண்டா?" என்று கேட்டேன். "உண்டு" என்றார். அந்தக் கைதாரைப் பற்றி அன்று வகுப்பில் சொன்னதையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

வேதத்தில் கைதார்

யூதர்களின் வேதத்தில், ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில், இஸ்மாயீல் (அலை) அவர்களின் பன்னிரண்டு ஆண் மக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நபாயோத் மூத்தவர், கைதார் இரண்டாமவர். தமிழ் விவிலியம் இவரைக் 'கேதார்' என்று எழுதுகிறது. அவர் பிறந்த இடம், மணந்த பெண், செய்த செயல் எதுவும் அங்கே இல்லை. பன்னிருவரும் தத்தம் குலங்களுக்குத் தலைவர்களாயினர் என்பதுடன் அவர்கள் செய்தி முடிந்துவிடுகிறது.

ஆயினும் மனிதர் மறைந்த பின்னும் பெயர் நிலைத்தது. பிந்திய ஆகமங்களில் கைதார் என்பது பாலைவனத்து அரபுக் குலமொன்றின் பெயர். உன்னதப்பாட்டு அக்குலத்தின் கூடாரங்களைக் கருமைக்கு உவமையாகக் கூறுகிறது. எபிரேய மொழியில் அப்பெயரின் வேர்ச்சொல்லே கருமை என்னும் பொருளுடையது. ஏசாயா அக்குலத்து வில்லாளிகளையும் ஆட்டு மந்தைகளையும் பேசுகிறார். தீரு நகரத்து வணிகர்களுக்கு ஆட்டுக்குட்டிகளும் கடாக்களும் கொடுத்தவர்களுள் கைதாரின் தலைவர்களும் இருந்தனர் என்கிறார் எசேக்கியேல்.

கல்லில் கைதார்

வேதத்தில் மட்டுமே காணப்பட்ட இப்பெயர், கடந்த இரு நூற்றாண்டுகளில் மண்ணிலிருந்தும் வெளிப்பட்டது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதலே அசீரிய மன்னர்களின் கல்வெட்டுகளில் இக்குலம் இடம்பெறுகிறது. கி.மு. 681 முதல் 669 வரை ஆண்ட எசர்ஹத்தோனின் காலத்து நிகழ்ச்சி ஒன்று நாம் சிந்திக்கத் தக்கது.

எசர்ஹத்தோனின் தந்தை அரபுகளின்மீது படையெடுத்து, அவர்களுடைய தெய்வச் சிலைகளை நினிவேக்கு வாரிச் சென்றிருந்தார். நம் யூனுஸ் (அலை) அவர்கள் அனுப்பப்பட்ட அதே நினிவேதான். கைதாரின் மன்னர் ஹஸாயில் அந்நகரம் வரை சென்று, எசர்ஹத்தோனை வணங்கி, சிலைகளைத் திருப்பித் தருமாறு மன்றாடினார். அசீரிய மன்னர் சிலைகளைச் செப்பனிட்டு, அவற்றின்மேல் தம் பெயரையும் தம் தெய்வத்தின் வலிமையையும் பொறித்துத் திருப்பியளித்தார். கப்பத்துடன் மேலும் 65 ஒட்டகங்களையும் விதித்தார். பகைவனின் பெயர் பொறித்த தெய்வங்களைச் சுமந்துகொண்டு ஹஸாயில் ஊர் திரும்பினார்!

அடுத்து ஆண்ட அஷுர்பனிபால் கைதாரை மீண்டும் முறியடித்தார். அக்கொள்ளையால் அசீரியாவில் ஒட்டகம் மலிந்து, தோட்டக்காரனுக்கு ஒரு கட்டுக் கீரைக்கே ஒட்டகம் கிடைத்தது என்று அவருடைய கல்வெட்டு பெருமையடிக்கிறது. அரபுகள் ஒட்டகமேறிப் போரிட்டு ஓடுவதும் அவர்தம் கூடாரங்கள் எரிவதுமான புடைப்புச் சிற்பங்கள் இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வெள்ளிக் கிண்ணம்

ஆயினும் குலம் அழியவில்லை. எகிப்தில் நைல் கழிமுகத்தின் கிழக்கோரம் தல்லுல் மஸ்கூத்தா என்றோர் ஊர் உண்டு. அங்கே வெள்ளிக் கிண்ணங்கள் சில கிடைத்தன. அவை இன்று நியூயார்க் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளன; அவற்றின் வாசகங்கள் 1956இல் வெளியிடப்பட்டன. காலம் ஏறத்தாழ கி.மு. 400. ஒரு கிண்ணத்தில் அரமேய எழுத்தில், கைதாரின் மன்னர் கஷ்முவின் மகன் கைனு இதனைக் காணிக்கையாகச் செலுத்தினார் என்று பொறித்திருக்கிறது. நெகேமியாவின் ஆகமத்தில் வரும் 'அரபியனாகிய கேஷேம்' இந்தக் கஷ்முவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

காணிக்கை யாருக்கு? 'ஹன் இலாத்'துக்கு! 'ஹன்' என்பது பழைய வட அரபு வழக்கில் 'அல்' என்னும் சுட்டு. அரபு படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. சூரத்துன் நஜ்மு கண்டித்துரைக்கும் அந்த அல்லாத்தே!

இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலைகளை உடைத்தவர்கள். இஸ்மாயீல் (அலை) அவர்கள் தந்தையுடன் சேர்ந்து கஅபாவை எழுப்பியவர்கள். அவர்களின் பெயரால் விளங்கிய குலத்து மன்னர் ஒருவர் சிலைகளுக்காக மன்றாடினார்; மற்றொருவர் அல்லாத்துக்கு வெள்ளிக் கிண்ணம் ஏந்தினார். வமிசம் தொடர்ந்தது, தவ்ஹீது தொடரவில்லை. தம் சந்ததிக்காக இப்ராஹீம் (அலை) அவர்கள் வேண்டியபோது, அநியாயக்காரர்களை வாக்குறுதி சேராது என்று இறைவன் பதிலளித்ததை சூரத்துல் பகராவில் ஓதுகிறோம். அதற்கு இதைவிட வேறு விளக்கவுரை வேண்டுமா?

அத்னானுக்கு அப்பால்

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். அத்னான் இஸ்மாயீல் (அலை) அவர்களின் வழித்தோன்றல் என்பதில் நம் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. இடையில் உள்ள பெயர்களில்தான் வேற்றுமை. இப்னு இஸ்ஹாக் அவ்வரிசையை மூத்தவரான நாபித் வழியே கொண்டு செல்கிறார்; வேறு சிலர் கைதார் வழியே கொண்டு செல்கின்றனர். ஒருவர் ஏழெட்டுப் பெயர்கள் தர, இன்னொருவர் நாற்பதளவு தருகிறார். அஸ்மா (ரலி) அவர்களின் மைந்தர் உர்வா, அத்னானின் மகன் மஅத்துக்கு அப்பால் அறிந்தவர் எவரையும் தாம் காணவில்லை என்றார். ஆதம் (அலை) வரை வமிசம் சொல்லிச் செல்வதை இமாம் மாலிக் (ரஹ்) விரும்பவில்லை.

நாயகத்தின் வமிசத்தைச் சொல்வதைவிட உவப்பான பணி அவர்களுக்கு வேறென்ன இருந்திருக்க முடியும்? இருந்தும் அறிந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். அன்பின் மிகுதி அறியாததைச் சொல்லும் உரிமையைத் தராது என்பது அவர்கள் வழி. நாமோ மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் தெரியாத நிலையிலும், சம்பந்தம் பேச உட்கார்ந்தால் அரபு நாடு வரை வேர் பிடித்துப் பேசுகிறோம். எதிர்வீட்டுப் பிள்ளையின் குணத்தைக் கேட்குமுன் குலத்தைக் கேட்கிறோம். குலத்தால் உயர்வு கிட்டுமாயின், முதலில் அது கிட்டியிருக்க வேண்டியவர் அந்த வெள்ளிக் கிண்ணத்துக்கு உடையவரல்லவா?

"அப்படியானால் அந்தப் படத்தைக் கழற்றிவிடட்டுமா, ஹஜ்ரத்?" என்று கேட்டார் மாணவர். "வேண்டாம் தம்பி. அத்னானுக்கு மேலே ஒரு கோடு மட்டும் போட்டு வை. கோட்டுக்கு இப்பால் உள்ளது அறிந்தது, அப்பால் உள்ளது கேள்விப்பட்டது என்று வீட்டாருக்கும் சொல்" என்றேன்.